பலகையில் உள்ள விலையும் வீட்டுக்கு வந்து சேரும் தொகையும்

சிங்கப்பூரில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கும், மன்னார்குடிப் பக்கத்து இளைஞர் ஒருவர் இரண்டு கேள்விகளை அனுப்பியிருக்கிறார். கைப்பேசியில் பார்த்தால் ஒரு வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, 65 ரூபாய் என்று காட்டுகிறது, ஆனால் ஊருக்குப் பணம் அனுப்பப் போனால் எந்தக் கடையிலும் அந்த விலை கிடைப்பதில்லை. நல்ல விலைக்கு எங்கே போக வேண்டும் என்பது முதல் கேள்வி. அடுத்த மாதம் அவருடைய அப்பாவும் அம்மாவும் அவரோடு ஒரு மாதம் தங்கியிருந்துவிட்டு, திரும்பும் வழியில் கோலாலம்பூரையும் பார்த்துவிட்டு வரப்போகிறார்கள்; அவர்கள் பணத்தை எப்படி எடுத்துச் செல்ல வேண்டும் என்பது இரண்டாவது. கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலுமாக வங்கியின் அந்நியச் செலாவணி மேசையில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். விலை அன்றாடம் மாறுவது. ஆகவே கீழே வரும் 65, 85 போன்ற எண்களைக் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை என்று மட்டும் கொள்ளுங்கள்.

கைப்பேசியில் தெரியும் 65 என்பது யாரும் யாருக்கும் விற்கும் விலை அன்று. வங்கிகள் தங்களுக்குள் கோடிக்கணக்கில் வாங்கி விற்கும்போது, வாங்குபவர் கேட்கும் விலைக்கும் விற்பவர் சொல்லும் விலைக்கும் நடுவில் கிடக்கும் புள்ளி அது. நம் நாட்டில் இதற்கு இணையான குறிப்பு விலையை முன்பு ரிசர்வ் வங்கி வெளியிட்டு வந்தது. 2018 ஜூலை முதல் எஃப்.பி.ஐ.எல். என்ற அமைப்பு நாள்தோறும் மதியம் ஒன்றரை மணி வாக்கில் வெளியிடுகிறது. நெல் கமிஷன் மண்டியின் மொத்த விலைக்குச் சில்லறைக் கடையில் ஒரு படி அரிசி கேட்க முடியாதது போலத்தான் இதுவும். நடுவிலைக்கே பணம் மாற்றித் தர வேண்டும் என்று கேட்பதில் பயனில்லை. நடுவிலையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்று பார்ப்பதற்கான அளவுகோலாக அதை வைத்துக்கொள்வதில்தான் பயன் இருக்கிறது.

வங்கிக் கிளையில் காலையில் ஒட்டப்படும் விலைத்தாளில் ஒரே நாணயத்துக்கு நான்கைந்து விலைகள் இருப்பதைப் பார்த்து மக்கள் குழம்புவார்கள். முக்கியமானவை இரண்டு வகை. கணக்குவழியாக வரும் பணத்துக்கு டி.டி. விலை. (தமிழில் எழுதினால் டிமாண்ட் டிராஃப்டும் டி.டி., இந்த டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபரும் டி.டி.; இந்தக் குழப்பத்தினாலேயே கவுண்ட்டரில் பல சச்சரவுகளைப் பார்த்திருக்கிறேன்.) கையில் கொண்டுவரும் நோட்டுகளுக்கு வேறு விலை. நோட்டைப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும், காப்பீடு செய்ய வேண்டும், கள்ளநோட்டா என்று பார்க்க வேண்டும், கடைசியில் வேறு ஊருக்கு அனுப்ப வேண்டும். அந்தச் செலவெல்லாம் விலையில் ஏறிவிடும். ஆகையால், கட்டாயம் இல்லாவிட்டால் வெளிநாட்டு நோட்டை ஊருக்குக் கொண்டுவந்து மாற்றுவதைத் தவிர்த்துக் கணக்குவழியாக அனுப்புவதே நல்லது.

இனி உங்கள் முதல் கேள்வி. மாதம் 1,000 வெள்ளி அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கடையில் 'கமிஷன் இல்லை' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள், விலை 64.20. இரண்டாவது நிறுவனத்தில் 5 வெள்ளி கட்டணம், விலை 64.85. மூன்றாவதாக ஒரு வங்கி, விலை 64.40, ஆனால் அனுப்பும் கட்டணமும் நடுவில் நிற்கும் வங்கியின் பிடித்தமும் சேர்ந்து 20 வெள்ளி போய்விடுகிறது. முதல் கடையில் அனுப்பினால் வீட்டுக்கு 64,200 ரூபாய் போய்ச் சேரும். இரண்டாவதில் 995 வெள்ளிதான் மாறுகிறது என்றாலும் 64,525 ரூபாய் கிடைக்கும். மூன்றாவதில் 980 வெள்ளிக்கு 63,112 ரூபாய். கமிஷன் இல்லை என்று சொன்ன கடைக்காரர் தம் கமிஷனை விலைக்குள் வைத்திருக்கிறார். வெளியே தெரியாது என்பது ஒன்றுதான் வேறுபாடு.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு முதல் கடையை மோசம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அம்மாவின் மருந்துச் செலவுக்கு அவசரமாக 200 வெள்ளி மட்டும் அனுப்புவதானால், அங்கே 12,840 ரூபாய். கட்டணம் பிடிக்கும் இரண்டாவது நிறுவனத்திலோ 12,645 ரூபாய்தான். இந்த எண்களின்படி 500 வெள்ளியில் இரண்டும் ஏறக்குறைய சமமாகின்றன. அதற்குக் கீழே கட்டணமில்லாத கடையும், மேலே கட்டணமுள்ள நிறுவனமும் லாபம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இப்படி ஒரு கோடு இருக்கும். ஆகவே, விலை எவ்வளவு, கமிஷன் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்காதீர்கள். "நான் இன்றைக்கு இத்தனை வெள்ளி கொடுத்தால், என் அப்பா கணக்கில் எத்தனை ரூபாய் வரவாகும்?" என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். அதற்கு நேராகப் பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் அனுப்பாதீர்கள். சிங்கப்பூரில் பணம் அனுப்பும் நிறுவனங்களுக்கு அந்நாட்டு நாணய ஆணையம் உரிமம் தருகிறது. உரிமம் பெற்றவர்களின் பட்டியலை எவரும் பார்க்கலாம்.

வெளிநாட்டு நாணயமாகவே வந்து இங்கே உள்ள வங்கியில் ரூபாயாக மாறும் பணத்துக்கு ஜி.எஸ்.டி.யும் உண்டு. 1 லட்சம் ரூபாய் வரை, மாற்றிய தொகையில் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக வைத்துக்கொண்டு, அதன்மேல் 18 சதவீதம் வரி போடுகிறார்கள். மிகக் குறைந்த வரி 45 ரூபாய். மேலே சொன்ன மூன்றாவது வழியில் இப்படி இன்னும் ஏறத்தாழ 114 ரூபாய் குறையும். இது பெரிய தொகை அன்று. ஆனால் நடுவில் நிற்கும் வங்கிகளின் பிடித்தம், அனுப்பும் தொகை சிறியதாக இருந்தால் உறுத்தும். காரைக்காலில் பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். பிராங்கு போய் 2002இல் யூரோ நோட்டு வந்த பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை. ஒவ்வொரு முறைக்கும் ஒரே கட்டணம் என்றால், இரண்டு சிறு தொகையைவிட ஒரு பெருந்தொகை லாபம்.

2023 பிப்ரவரி 21 அன்று நம் யு.பி.ஐ.யும் அதைப் போன்ற சிங்கப்பூர் ஏற்பாடான பே-நவ்வும் இணைக்கப்பட்டன. பங்கேற்கும் வங்கிகளில் கணக்கு வைத்திருப்பவர்கள், கைப்பேசி வழியாகவே நிமிடங்களில் பணம் அனுப்ப முடிகிறது. இந்தியாவிலிருந்து அனுப்புபவருக்கு நாளொன்றுக்கு 60,000 ரூபாய் என்று வரம்பு வைத்துத் தொடங்கப்பட்ட ஏற்பாடு இது. சிறு தொகைகளுக்கு வசதியானது. ஆயினும் அங்கேயும் அனுப்புவதற்கு முன்னால் திரையில் தெரியும் ரூபாய்த் தொகையை மற்ற வழிகளோடு ஒப்பிட்டுத்தான் பொத்தானைத் தொட வேண்டும். வேகமாகப் போகிறது என்பதால் விலையும் நன்றாக இருக்கும் என்று எண்ணிவிட முடியாது.

கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள், "திர்ஹம் எப்போது ஏறும்?" என்று என்னிடம் கேட்பதுண்டு. திர்ஹம் தானாக ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. 1997 முதல் ஒரு அமெரிக்க டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று கட்டி வைத்திருக்கிறார்கள். சவூதி ரியால் ஒரு டாலருக்கு 3.75, கத்தார் ரியால் 3.64. டாலர் 85 ரூபாய் என்றால் திர்ஹம் 23 ரூபாய் 14 காசு, சவூதி ரியால் 22 ரூபாய் 67 காசு. இதை வகுத்தாலே தெரிந்துவிடும். டாலர் ஒரு ரூபாய் நகர்ந்தால் திர்ஹம் 27 காசு நகரும். 2,000 திர்ஹம் அனுப்புபவருக்கு அது 540 ரூபாய்ச் சொச்சம். அதே நாளில் இரண்டு கடைகளுக்கு இடையே 15 காசு வித்தியாசம் இருந்தால் 300 ரூபாய். முன்னது நம் கையில் இல்லை. பின்னது பத்து நிமிடம் விசாரித்தால் கிடைப்பது. சிங்கப்பூர் வெள்ளி இப்படி ஒரே நாணயத்தோடு கட்டப்பட்டதன்று. பல நாணயங்களைச் சேர்த்த கூடை ஒன்றுக்கு எதிராக அதை அந்நாட்டு நாணய ஆணையம் நடத்திச் செல்கிறது. ஆகவே, டாலரும் ரூபாயும் அசையாத நாளிலும் வெள்ளியின் விலை சற்று அசையலாம்.

விலை ஏறட்டும் என்று காத்திருப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும், என் அனுபவத்தில் நம் பக்கத்துக் குடும்பங்கள் அதிகம் இழந்தது கமிஷனில் அன்று, இந்தக் காத்திருப்பில்தான். 10,000 வெள்ளி சேர்த்து வைத்திருக்கிறீர்கள், 65 ரூபாய் விலை 66 ஆகட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியே ஏறினாலும் கூடுதலாகக் கிடைக்கப்போவது 10,000 ரூபாய். இங்கே அப்பா 6 லட்சம் ரூபாய்க்கு நகையை அடகு வைத்திருக்கிறார். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, அதாவது ஆண்டுக்கு 12 சதவீதம். மாதம் 6,000 ரூபாய் வட்டி ஓடுகிறது. இரண்டாவது மாதம் முடிவதற்குள், நீங்கள் எதிர்பார்த்த ஒரு ரூபாய் ஏற்றம் முழுவதும் வட்டிக்கே போய்விடும், அதுவும் விலை உண்மையிலேயே ஏறினால். தனியார் அடகுக் கடையில் இரண்டு ரூபாய் வட்டி என்றால் ஒரு மாதம்கூடத் தாங்காது. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறந்துவிட்டால் குறுவைக்கு உழவும் நாற்றும் ஆள்கூலியும் உடனே வேண்டும். பள்ளிக் கட்டணமும் அதே மாதத்தில்தான். ஆறும் பள்ளிக்கூடமும் டாலர் சந்தையைப் பார்த்துத் திறப்பதில்லை.

கடன் ஏதும் இல்லை, பணத்துக்கு ஊரில் உடனடித் தேவையும் இல்லை என்றால் அது வேறு கதை. அப்போது ரூபாயாக மாற்றும் முடிவையே தள்ளிப்போட வழி இருக்கிறது: வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான எஃப்.சி.என்.ஆர். வைப்பு. ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை, வெளிநாட்டு நாணயமாகவே இந்திய வங்கியில் இருக்கும். ரூபாயாக வைத்தால் போதும் என்பவருக்கு, வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போடும் என்.ஆர்.இ. கணக்கு, அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை, அசலையும் வட்டியையும் திரும்ப எடுத்துச் செல்லலாம். வெளிநாடு போன பின்பும் பழைய சேமிப்புக் கணக்கையே வைத்துக்கொண்டு அதில் பணம் போடுவது நம் பக்கத்தில் மிகப் பரவலான பிழை. அது விதிப்படி என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாட்டில் வாழ்பவரின் உள்நாட்டு வரவுகளுக்கான கணக்காக, மாற்றப்பட வேண்டியது. மாதாமாதம் அனுப்புபவர்கள் விலையைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. சில மாதம் நல்ல விலையும் சில மாதம் மட்டமான விலையும் கிடைத்து, ஆண்டு முடிவில் சராசரியில் வந்து நிற்கும்.

மனை வாங்கவோ வீடு கட்டவோ பெருந்தொகை அனுப்பும்போது மட்டும் இன்னொரு வேலை செய்யுங்கள். காலையில் ஒட்டிய விலைத்தாள் சிறு தொகைகளுக்கானது. பணம் வருவதற்கு முன்பே கிளையில் சொல்லி வைத்தால், அவர்கள் தலைமையகத்தின் கருவூலப் பிரிவைக் கேட்டு அந்த நேரத்து விலையில் சலுகை வாங்கித் தர முடியும். கேட்காதவருக்கு யாரும் தருவதில்லை. மேசையின் அந்தப் பக்கத்தில் இருந்தவன் சொல்கிறேன், கேட்டவர்களில் பெரும்பாலோருக்குச் சில காசுகளாவது கூடக் கிடைத்தன. 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும்போது சில காசு என்பது சில ஆயிரம் ஆகிவிடும். சனி, ஞாயிறுகளில் சந்தை மூடியிருப்பதால், திங்கட்கிழமை எங்கே திறக்குமோ என்ற பயத்துக்கும் சேர்த்து நிறுவனங்கள் விலையைச் சற்றுக் குறைத்தே வைக்கும். பெரிய தொகையை வார நாளில் அனுப்புங்கள்.

வங்கிக்கு வெளியே ஆள்வழியாகப் பணம் அனுப்பும் உண்டியலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன தலைமுறைக்கு வங்கி எட்டாத தூரத்தில் இருந்தது. அன்று ஊர்க்காரரிடம் கொடுத்தனுப்பியதில் ஒரு நியாயம் இருந்தது. இன்று உண்டியலில் வங்கியைவிட ஐம்பது காசோ ஒரு ரூபாயோ கூடக் கிடைக்கிறது என்றால், அந்தக் கூடுதல் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க வேண்டும். வெளியே தெரியக் கூடாத ஏதோ ஒரு கொடுக்கல் வாங்கலுக்கு உங்கள் வெள்ளி அங்கே தேவைப்படுகிறது. அதற்கான கூலியில் ஒரு துண்டுதான் உங்களுக்குத் தரப்படுகிறது. 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி அது விதிமீறல். சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். சட்டத்தை விட்டுவிட்டு லாபக் கணக்கே பார்த்தாலும் அது ஒத்துவருவதில்லை. பதினைந்து ஆண்டு உழைப்பில் நஞ்சை வாங்கியவர் ஒருவர், வருமான வரித் துறை கேட்டபோது வந்த பணத்துக்கு ஒரு தாள்கூடக் காட்ட முடியாமல் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். அத்தனையும் நேர்மையாகச் சம்பாதித்த பணம்தான். வங்கிவழி வந்திருந்தால் வரியே இல்லாமல் போயிருக்கக்கூடிய பணம்.

பெற்றோர் பயணத்துக்கு வருவோம். என் முதல் யோசனை, அவர்கள் முடிந்தவரை எதையும் மாற்றாமல் வரட்டும் என்பதுதான். அவர்கள் இங்கே ரூபாயைக் கொடுத்து வெள்ளி வாங்கும்போது ஒரு இழப்பு. அதே மாதம் நீங்கள் வெள்ளியைக் கொடுத்து ரூபாயாக்கி ஊருக்கு அனுப்பும்போது இன்னொரு இழப்பு. ஒரே குடும்பத்தில் பணம் எதிரும் புதிருமாகக் கடல் தாண்டுகிறது. இரண்டு முறையும் கூலி கொடுக்கிறீர்கள். அங்கே ஆகும் செலவை உங்கள் சம்பளத்திலிருந்தே பார்த்துக்கொண்டு, அந்த மாதம் ஊருக்கு அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். மாற்றாத பணத்துக்கு நல்ல விலை தேட வேண்டியதில்லை.

அப்படியும் வழிச்செலவுக்கு 200, 300 வெள்ளி கையில் இருப்பது அவசியம். அதைத் திருச்சி விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்த பிறகு வாங்காமல், முன்னதாகவே தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ திருச்சி நகரிலோ ரிசர்வ் வங்கி உரிமம் உள்ள இரண்டு மூன்று கடைகளில் விசாரித்து வாங்கச் சொல்லுங்கள். விமான நிலையத்துக் கவுண்ட்டருக்கு வாடகை அதிகம், வருபவருக்கு வேறு வழியும் இல்லை. இரண்டும் விலையில் தெரியும். கடவுச்சீட்டும் பயணச்சீட்டும் எடுத்துப் போக வேண்டும்; 50,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் ரொக்கமாகக் கொடுக்க முடியாது; ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். நோட்டாக எடுத்துப் போகப் பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்புதான் வரம்பு. உங்கள் பெற்றோருக்கு அதன் கால்வாசிகூடத் தேவைப்படாது. 25,000 ரூபாய் வரை இந்திய நோட்டையும் எடுத்துப் போகலாம், திரும்பி வந்து திருச்சியில் இறங்கியதும் வண்டிக்கு உதவும். மலேசியாவுக்கான ரிங்கிட்டைச் சிங்கப்பூரிலேயே வாங்கிவிடுங்கள். சிராங்கூன் சாலையிலும் ராஃபிள்ஸ் பிளேஸ் ஆர்கேடிலும் பணமாற்றுக் கடைகள் அடுத்தடுத்து இருப்பதால் போட்டி கடுமை. நான்கு பலகையைப் பார்த்துவிட்டு ஐந்தாவது கடையில் பேரம் பேசலாம், தமிழிலேயே பேசக்கூடிய கடைகளும் உண்டு.

அட்டை விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். கோலாலம்பூரில் ஒரு விடுதியில் 400 ரிங்கிட் கட்ட வேண்டியிருந்தது. அன்றைய நடுவிலையில் அது 8,000 ரூபாய். அட்டைக் கருவி, ரிங்கிட்டா ரூபாயா என்று கேட்டது. பழகிய நாணயமாயிற்றே என்று ரூபாயைத் தொட்டுவிட்டேன். அந்தத் தொடுகையோடு மாற்று விலையை நிர்ணயிக்கும் உரிமை அந்தக் கருவிக்காரரிடம் போய்விட்டது. பில் 8,560 ரூபாய். ரிங்கிட்டைத் தொட்டிருந்தால் என் அட்டையின் 3.5 சதவீதக் கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 8,330 ரூபாயில் முடிந்திருக்கும். முப்பது ஆண்டு இதே தொழிலில் இருந்தவனே ஏமாந்தான் என்றால், உங்கள் அப்பாவிடம் இதை இரண்டு முறை சொல்லி அனுப்புவது நல்லது: கடையிலானாலும் ஏ.டி.எம்.மிலானாலும், எந்த நாட்டில் நிற்கிறோமோ அந்த நாட்டு நாணயத்தையே தொட வேண்டும். இங்கிருந்து கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வைக்கவும் வேண்டும். 2020 முதல் புதிய அட்டைகளில் அது மூடியே வருகிறது. ஃபாரெக்ஸ் கார்டு வாங்குவதானால், எந்த நாட்டுக்குப் போகிறார்களோ அந்த நாணயத்தையே ஏற்றி வாங்க வேண்டும். டாலரை ஏற்றிக்கொண்டு போய் வெள்ளியில் செலவழித்தால் இரண்டு முறை மாற்றிய இழப்பு.

திரும்பி வரும்போது மிஞ்சும் நோட்டுகளை அவசரமாக மாற்ற வேண்டியதில்லை. 2,000 டாலர் மதிப்பு வரை வீட்டிலேயே வைத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. உங்களைப் பார்க்க அவர்கள் மறுபடியும் வராமலா போவார்கள்? அதற்கு மேல் இருந்தால் 180 நாட்களுக்குள் மாற்றிவிட வேண்டும். சில்லறைக் காசுகளைப் பொதுவாக எந்தக் கடையும் வாங்குவதில்லை. அவற்றை அங்கேயே காப்பிக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டு விமானம் ஏறச் சொல்லுங்கள்.